அலவாங்கின் ஓசை: வன்னிப் பெருநிலப்பரப்பில் அத்திவாரம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஆடி மாதத்தில் கிளிநொச்சிச் செம்மண்ணில் அலவாங்கு போட்டால் கல்லில் பட்டதுபோல் ஓசை வரும். இரண்டடி வெட்டுவதற்குள் கை காய்த்துவிடும். இத்தனை உறுதியான நிலத்துக்கு இதற்குமேல் ஆழம் எதற்கு என்று மேசனும் நினைப்பார், வீட்டுக்காரரும் நினைப்பார். கார்த்திகையில் அதே குழிக்குள் இறங்கினால் கால் புதையும். வன்னியில் அத்திவாரம் படும் பாடு முழுவதும் இந்த இரண்டு மாதங்களுக்கு இடையில்தான் இருக்கிறது.

பெருநிலப்பரப்பின் கட்டட வரலாறு இதுவரை கோயில், கோட்டை, வீட்டுத்திட்டம் என்று மேலே தெரிவதைப் பற்றியே பெரும்பாலும் எழுதப்பட்டது. இக்கட்டுரை மண்ணுக்குக் கீழேயுள்ள மூன்று நான்கு அடியைப் பற்றியது. நிலத்தைப் பற்றிய அறிவு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறும் வழி இங்கு பலமுறை அறுந்திருக்கிறது. சுவர் வெடிப்புகளில் பெரும்பகுதி அந்த அறுப்பிலிருந்தே தொடங்குகிறது என்பது என் வாதம்.

முதலில் மண். இலங்கையின் உலர்வலய மண்ணை ஆராய்ந்த சி. ஆர். பானபொக்கே, மேட்டிலிருந்து பள்ளம் வரை மண் ஒரு தொடராக மாறுவதை விளக்கினார். மேட்டில் நீர் வடியும் செங்கபில மண். சரிவில் பாதி வடியும் மண். பள்ளத்தில் ஆண்டின் பல மாதங்கள் நீர் நிற்கும் சாம்பல் நிறக் களி. வவுனியாவிலும் மாங்குளத்திலும் ஒரே காணிக்குள்ளேயே இந்த மூன்றில் இரண்டைக் காணலாம். கரையோர முல்லைத்தீவில் தளர்ந்த மணல். பூநகரிப் பக்கம் களப்புச் சேறும் உவரும். மேற்கே மன்னார் எல்லையைத் தாண்டினால் முருங்கன் கருங்களி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மாரியில் ஊதிப் பெருக்கும் மண் அது. ஒரே வரைபடத்தில் கீறிய வீடு இந்த நிலங்கள் எல்லாவற்றிலும் ஒரேபோல் நிற்கும் என்று எதிர்பார்த்ததுதான் பின்னாளின் பெரும் பிழை.

பழைய மண்வீடு அந்தப் பிழையைச் செய்யவில்லை. பாலை, முதிரைக் கப்புகள் கூரையைத் தாங்கின. புற்றுமண்ணும் களியும் குழைத்து எழுப்பிய சுவர் தன் பாரத்தை மட்டும் சுமந்தது. நிலம் சற்று அசைந்தால் சுவரும் அசைந்தது, மயிர்க்கோடாக வெடித்தது. தைப்பொங்கலுக்கு முன் சாணமும் மண்ணும் கரைத்து மெழுகும்போது அந்தக் கோடு மறைந்தது. மாரி முடிந்து நிலம் நன்றாக ஊறியிருக்கும் காலத்திலேயே வருடாந்தப் பழுதுபார்ப்பும் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பண்டிகைக்கான வேலை என்று நாம் நினைப்பது, பொறியியல் கண்ணால் பார்த்தால் பராமரிப்பு அட்டவணையே.

நிலத்தைச் சோதிக்கும் மரபும் இருந்தது. மயமதம் முதலிய சிற்பநூல்கள் சொல்லும் குழிச் சோதனையைப் பலர் சகுனமென்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு முழ ஆழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப நிரப்பவேண்டும். மண் மிஞ்சினால் நிலம் உத்தமம், சமமாக நின்றால் மத்திமம், குறைந்தால் ஆகாது. இதில் சகுனம் எதுவுமில்லை. இயற்கையாக இறுகிய மண்ணைத் தோண்டிக் கொட்டினால் அது தளர்ந்து பெருகும், ஆகவே மிஞ்சும். முன்பே யாரோ தோண்டி நிரப்பிய தளர்ந்த மண் குழிக்குள் விழும்போது இறுகும், ஆகவே குறையும். இது அடர்த்திச் சோதனைதான். குறைந்தால் ஆகாது என்ற அந்த ஒரு விதியை 2010க்குப் பின் வன்னியில் எல்லோரும் நினைவில் வைத்திருந்தால் பல சுவர்கள் தப்பியிருக்கும்.

நவீன மண்பொறியியல் இங்கு வீட்டின் வழியாக வரவில்லை, குளத்தின் வழியாக வந்தது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் வேலை 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. பின்னர் பலமுறை கட்டு உயர்த்தப்பட்டது. மண்ணை எத்தனை ஈரத்தில், எத்தனை கனத்தில் பரப்பி இறுக்கவேண்டும் என்பது குளக்கட்டில் உயிர்ப் பிரச்சினை. உலகம் முழுவதும் இதே கதைதான். கார்ல் தெர்சாகி மண்பொறியியலின் அடிப்படை நூலை 1925இல் வெளியிட்டார். அமெரிக்காவில் அணை கட்டிய புறொக்டர் 1933இல் எழுதிய கட்டுரைகள்தான் இறுக்கச் சோதனைக்கு இன்றும் அவர் பெயரைத் தந்தன. மண்ணுக்கு உகந்த ஈரம் ஒன்றுண்டு, அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் இறுகாது என்பது அவர் கண்டது. எருமைகளை ஓட்டிக் கட்டை மிதிக்கவைத்த பழைய குளவேலைக்காரருக்கு இது கையளவில் தெரிந்திருந்தது. ஆனால் நீர்ப்பாசனத் திணைக்கள ஓவசியர் கட்டில் காட்டிய இந்த அக்கறை, கட்டுக்குக் கீழே குடியேறியவரின் வீட்டு நிலத்துக்கு இறங்கி வரவில்லை.

யாழ்ப்பாணத்தின் நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்க 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. மேட்டுக்காணியில் வீடு, தாழ்வில் வயல் என்பது அதன் ஒழுங்கு. அந்த ஒழுங்கு தன்னையறியாமல் நல்ல அத்திவாரக் கொள்கையாகவும் இருந்தது. பிள்ளைகள் பெருகி, காணி பிரிந்து, ஏ-9 வீதியோரம் கடைகள் நெருங்கியபோது வயலுக்குள் கிறவல் கொட்டி வீடு கட்டும் வழக்கம் வந்தது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிய பின் சீமெந்து எட்டிய தூரத்துக்கு வந்தது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லோடு அங்கே சேர்க்கப்பட்டது முருங்கன் களி. வீட்டுச் சுவரை வெடிக்கவைக்கும் அதே மண்தான் அந்தச் சுவரைக் கட்டும் சீமெந்துக்குள்ளும் போனது.

சீமெந்துக்கல் வீடு விறைப்பானது. ஒருமாடி வீட்டின் சுவர் ஓரடி நீளத்தில் ஏறத்தாழ ஒரு தொன்னுக்கு மேல் ஏற்றாது. அந்தப் பாரத்தை மென்மையான நிலமும் பெரும்பாலும் தாங்கும். சிக்கல் பாரத்தில் இல்லை, நீரில் இருக்கிறது. வெளிச்சுவரின் அடிமண் சோழகக் காற்றில் காய்ந்து சுருங்கும், வீட்டின் நடுப்பகுதி ஈரமாகவே கிடக்கும். மாரியில் இது தலைகீழாகும். ஊதும் களி, பாரம் குறைந்த வீட்டைத்தான் எளிதில் தூக்கும். மாடிவீடு தப்பும் இடத்தில் சிறிய வீடு வெடிப்பதன் விளக்கம் இதுவே. இந்தியாவில் தக்காணக் கரிசலுக்கு இதே நோய். உரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் தினேஷ் மோகன் முதலானோர் அடியில் குமிழ் விரிந்த தூண் அத்திவாரத்தை உருவாக்கினார்கள். பருவ ஈரம் எட்டாத ஆழத்தில், தண்டைப் போல் இரண்டரை மடங்கு அகலக் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். வன்னியின் சிறிய வீடுகளுக்கு அது ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் எளிது: அதற்கெனக் காசு ஒதுக்கிய வீட்டுத்திட்டம் எதுவும் இல்லை.

போர் நிலத்தையே மாற்றியது. இடிந்த வீடுகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். தோண்டிய நிலத்தைப் பற்றி எழுதவில்லை. வன்னியில் வளவுக்கு ஒரு பதுங்குகுழியாவது இருந்தது. சில வளவுகளில் இரண்டு மூன்று. ஒவ்வொரு இடம்பெயர்விலும் வந்து தங்கிய குடும்பம் தனக்கென்று ஒன்று வெட்டியது. ஆள் நிற்கும் ஆழம், மேலே பனங்குற்றி, அதற்குமேல் மண்மூட்டை. மண் அணைகள் எழுந்தன, எறிகணைகள் பள்ளம் பறித்தன. பின்னர் கண்ணிவெடி அகற்றுவோர் மேல்மண்ணைக் கிளறினர். போரின் இறுதியில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்படும்வரை மக்கள் பகுதி பகுதியாகத் திரும்பினார்கள். வந்தவர்கள் முதலில் செய்தது குழிகளை மூடியது. கையில் கிடைத்த மண், ஓட்டுத்துண்டு, மட்கும் பனங்குற்றி எல்லாம் உள்ளே போயின. இறுக்கியது யார்? இரண்டு மாரியில் மேற்பரப்பு சமமாகியது, புல் முளைத்தது, குழி மறைந்தது. காணி கைமாறிய இடங்களில் அதைச் சொல்ல ஆளும் இல்லை.

அந்த நிலத்தின்மேல்தான் இந்திய வீடமைப்புத் திட்டம் வந்தது. 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் முதல் 1,000 ஒப்பந்தக்காரர் மூலம் கட்டப்பட்டன. 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் வீட்டுக்காரரே கட்டுவதற்கு 5,50,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டுக்காரர் கையில் பொறுப்பைக் கொடுத்தது சரியான முடிவு என்பதே என் கருத்து; ஒப்பந்தக்காரர் ஒருபோதும் அத்திவாரக் குழிக்குள் அத்தனை அக்கறையோடு எட்டிப்பார்க்கமாட்டார். ஆனால் அத்திவாரம் முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்த பின்பே அடுத்த பணம் என்னும்போது, மாரிக்கு முன் குழியை மூடிவிடும் அவசரம் வருவது இயல்பு. அத்திவாரத்தின் ஒரு மூலை கன்னிமண்ணிலும் மறுமூலை நிரப்பிய குழியிலும் இருந்தால், அடியில் ஓடும் கம்பிபோட்ட பீம் மெலிந்ததாக இருந்தால், முதல் மாரியிலேயே யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். ஆழ்ந்து அமரும் பக்கம் எது என்பதை வெடிப்பே சொல்லும்: மேலே அகன்றால் ஓரங்கள் இறங்குகின்றன, கீழே அகன்றால் நடு இறங்குகிறது.

சோதனைக் கருவி இல்லாமல் இல்லை. 63.5 கிலோகிராம் சம்மட்டியை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, துளைக்குழாய் கடைசி 300 மில்லிமீற்றர் இறங்க எத்தனை முறை அடிக்கவேண்டுமென்று எண்ணும் நியம ஊடுருவல் சோதனை, பாலத்துக்கும் நீர்த்தாங்கிக்கும் வழக்கமானது. 1984இல் தொடங்கிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் இந்த வேலைக்கு இருக்கிறது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் புகையிரதம் வந்ததும், 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததும் மண் தெரிந்த பொறியியலின் பயனே. சிறிய வீட்டுக்கு இத்தனை செலவு தேவையில்லை. ஆளளவு சோதனைக் குழி இரண்டு, வளவின் எதிரெதிர் மூலைகளில், முடிந்தால் மாரியில் வெட்டினால் போதும். கோடையில் வெட்டினால் குழிக்குள் ஒரு வாளி நீர் ஊற்றி மறுநாள் அலவாங்கு போட்டுப் பார்க்கவேண்டும்.

பழுதுபார்ப்பில் நம்மவர் முதலில் செய்வது வெடிப்புக்குச் சாந்து பூசுவது. அது கடைசியில் செய்யவேண்டியது. முதலில் வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தால் ஒட்டித் தேதி எழுதி ஒரு மாரியும் ஒரு கோடையும் பார்க்கவேண்டும். கண்ணாடி உடைந்தால் நிலம் இன்னும் நகர்கிறது. அடுத்தது நீர். கூரைநீரைச் சுவரடியில் விழவிடாமல் பீலி வைத்துத் தூரக் கொண்டுபோவது, வீட்டைச் சுற்றி வெளிச்சரிவாக மூன்றடிச் சீமெந்துத் தளம் போடுவது, மலக்குழியைத் தள்ளி அமைப்பது. இவை மட்டுமே பல வீடுகளை நிறுத்திவிடும். குழிமேல் அமர்ந்த மூலைக்குத்தான் அடித்தாங்கல் வேண்டும். ஒரே நேரத்தில் முழுச் சுவரையும் தோண்டாமல், நாலடி வெட்டி நாலடி விட்டு, கன்னிமண் வரை இறங்கிக் கொங்கிறீற்று போட்டு, அது இறுகிய பின் விட்ட பகுதிக்குப் போகவேண்டும். பீசாக் கோபுரத்தை 2001இல் காப்பாற்றியவர்கள்கூட இறங்கிய பக்கத்தைத் தூக்கவில்லை, எதிர்ப்பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அவசரப்படாமை இந்தத் தொழிலின் பாதி.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. பாடசாலை, வைத்தியசாலை, வீதி, நீர்த்தாங்கி ஆகியவற்றுக்காக வன்னியில் போடப்பட்ட துளைகளின் அறிக்கைகள் அந்தந்த வேலையோடு கோப்புக்குள் போய்விடாமல் அங்கே ஓரிடத்தில் சேர்க்கப்படவேண்டும். கிராமவாரியாக ஒரு மண்வரைபடம் கீற அதுவே போதும். பதுங்குகுழிகள் எந்த அறிக்கையிலும் இல்லை. உங்கள் வளவில் அது எங்கே இருந்தது என்று நினைவிருந்தால், காணி உறுதியோடு வைத்திருக்கும் வரைபடத்தில் இன்றைக்கே ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.