பைத்தான் 3 மாற்றம்

பைத்தான் நிரல்மொழியின் 2ஆம் பதிப்பில் எழுதிய மென்பொருள்களை 3ஆம் பதிப்புக்குக் கொண்டுவந்த பணி. கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட இம்மொழியின் 3.0 பதிப்பு, 2008 டிசம்பர் 3 அன்று வந்தது. பழைய நிரல்கள் இதில் அப்படியே ஓடாது என்று தெரிந்தேதான் வெளியிட்டார்கள். ஓடுகிற நிரலில் எதற்குக் கை வைப்பது என்று ஆய்வகங்கள் பல, பழையதிலேயே தங்கின. 2015இல் முடியவேண்டிய 2.7 பதிப்பின் ஆதரவு 2020 வரை நீண்டது. அதற்குள் அறிவியல் கணக்கீட்டுத் தொகுப்புகளான நம்பை 1.16உடனும் சைப்பை 1.2உடனும் பழைய பதிப்புக்கான ஆதரவை முடித்துக்கொண்டன. வானியலாளர்களின் ஆஸ்ட்ரோபை தொகுப்பு 2018இலேயே விலகிவிட்டது.

இம்மாற்றத்தில் எழும் பிழைகளில் சத்தம் போடுபவை நல்லவை. 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி விட்டுப்போனால் நிரல் நின்றுவிடும், திருத்திவிடலாம். வகுத்தல் அப்படியல்ல. 7ஐ 2ஆல் வகுத்தால் பழைய பைத்தான் 3 என்றது, புதியது 3.5 என்கிறது. 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் பழையதில் 3. புதியதில் 2, ஏனெனில் சரிபாதி வந்தால் அது இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாயும். இரண்டிலும் நிரல் நிற்காது, விடை மட்டும் மாறும். '2டு3' என்ற தானியங்கிக் கருவி பிரிண்டைத் திருத்தும். வகுத்தலை எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பது அதற்குத் தெரியாது. ஒரே தரவை இரு பதிப்புகளிலும் ஓட்டி, விடைகளை எண் எண்ணாக ஒப்பிடுவதுதான் நம்பத்தக்க வழி.

தமிழுக்கு இம்மாற்றம் லாபம். பாரதி பிறந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'எட்டயபுரம்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், யூடிஎஃப்-8 கோப்பில் பழைய பைத்தான் 30 என்று சொல்லும். அது எண்ணுவது பைட்டுகளை. சரங்களை யூனிகோடாகவே கையாளும் பைத்தான் 3, 10 என்கிறது. புள்ளி இரண்டையும் உகரக் குறியையும் தனித்தனியே எண்ணுவதால் வரும் கணக்கு. பள்ளிப் பிள்ளை விரல்விட்டு எண்ணினால் எ, ட், ட, ய, பு, ர, ம் என்று ஏழுதான். அந்த ஏழைப் பெற இன்றும் 'ஓப்பன்-தமிழ்' போன்ற தனி நிரல் தொகுப்பின் உதவி வேண்டும்.