பட்டுக்காரர்களின் மைதானம்

2020 செப்டம்பர் 16 அன்று இங்கிலாந்து உயர் நீதிமன்றம் மேக்கிள்ஸ்ஃபீல்ட் டவுன் கால்பந்து கிளப்பைக் கலைக்க உத்தரவிட்டது. 1874-இல் தொடங்கிய கிளப் அது. கடன் ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல். பிரிமியர் லீக்கின் முதல்வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்கு அது இரண்டு மூன்று வாரச் சம்பளம். கொரோனாவில் கதவடைத்த எத்தனையோ நிறுவனங்களோடு இதையும் சேர்த்து எழுதிவிடுவது சுலபம். ஆனால் அந்த ஊர் ரசிகர்கள் தங்கள் இழப்புக்கு நோயைக் காரணம் சொல்லவில்லை. ஊரின் வரலாற்றையும் கிளப்பின் கடைசி ஓராண்டையும் பார்த்தால் அவர்கள் பார்வை சரி என்றே படுகிறது.

மேக்கிள்ஸ்ஃபீல்ட் பட்டு ஊர். 1743 வாக்கில் சார்லஸ் ரோ அங்கே பட்டாலை கட்டினார்; அடுத்த நூற்றாண்டில் பித்தான், நூல், நெசவு என்று ஊரே பட்டை நம்பிப் பிழைத்தது. 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் பிரெஞ்சுப் பட்டை வரியில்லாமல் உள்ளே விட்டது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தொழில் போனாலும் அதன் பெயர் அணியின் மீது ஒட்டிக்கொண்டது. ஆட்டக்காரர்களை ஊர் ‘பட்டுக்காரர்கள்’ என்றே கூப்பிட்டது. அந்தப் பெயரை ஊரார் கூடி உரக்கச் சொல்ல மாஸ் ரோஸ் மைதானத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. ஒன்றும் சாதிக்காத கிளப் என்றும் தள்ளிவிட முடியாது. 1970-இல் எஃப்.ஏ. ட்ராஃபி முதன்முதலாக நடந்தபோது வென்றது இவர்கள்தான். 1995-இல் கான்ஃபரன்ஸ் லீக்கில் முதலிடம் பிடித்தும், மைதானம் தகுதியில்லை என்று மேல் லீக்கில் சேர்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் செஸ்டர் சிட்டி அணி அந்த மேல் லீக்கின் ஆட்டங்களை இதே மைதானத்தில் ஆடியிருந்தது. 1997-இல் மறுபடியும் முதலிடம் பிடித்துத்தான் உள்ளே நுழைந்தார்கள்.

தொற்றுதான் கொன்றது என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சிறு கிளப்புகளுக்குத் தொலைக்காட்சிப் பணம் சொற்பம், வாசல் வசூல்தான் ஆதாரம். 2020 மார்ச் 13-இல் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டதும் அது வற்றியது. ஆனால் சம்பள பாக்கி அதற்கும் முந்தியது. 2019 நவம்பரில், சம்பளம் வராத ஆட்டக்காரர்கள் களமிறங்க மறுத்ததால், இளையோரை வைத்து எஃப்.ஏ. கோப்பையில் ஆடி, மூன்று நிலை கீழே இருந்த கிங்ஸ்டோனியனிடம் சொந்த மண்ணில் 0–4 என்று தோற்றார்கள். பாக்கிகளுக்குத் தண்டனையாகப் புள்ளிகள் பறிபோயின. பருவம் பாதியில் முடிக்கப்பட்ட பிறகும், 2020 ஆகஸ்டில் இன்னும் நான்கு புள்ளிகள் குறைத்து, ஸ்டீவனேஜ் அணிக்குக் கீழே தள்ளி, லீக்கிலிருந்து இறக்கினார்கள். தொற்று பறித்தது வேறொன்றை. ரசிகனுக்கு இருந்த ஒரே பலம் கூட்டமாகக் கூடுவது. கேலரி மூடியதும் அது போனது. முதலாளியைப் பார்த்துக் கோஷம் போட முடியாது, வாசலில் உண்டியல் குலுக்க முடியாது, இதுதான் கடைசி ஆட்டம் என்று தெரிந்து பார்க்கவும் வழியில்லை. கலைப்பு வழக்கில் வரித்துறையின் பாக்கியை நீதிமன்றம் எண்ணியது. தலைமுறை தலைமுறையாக டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

சுமார் இரண்டாயிரம் பேர் பார்க்கும் ஆட்டத்துக்கு இத்தனை புலம்பலா என்று கேட்கலாம். முப்பது கிலோமீட்டருக்குள் மான்செஸ்டரில் உலகப் புகழ் பெற்ற இரண்டு அணிகள் இருக்கின்றன. என் பார்வையில் இது ரசிகர்கள் பக்கமே பேசும் சான்று: யுனைடெட்டும் சிட்டியும் அவ்வளவு அருகில் இருக்கையில், அடிக்கடி தோற்கும் அணிக்குக் காசு கொடுத்தவர்கள் வெற்றியைத் தேடி வந்தவர்களாக இருக்க முடியாது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: அணிதான் திரும்பி வந்துவிட்டதே? உண்மை. 2020 அக்டோபரில் ராபர்ட் ஸ்மெதர்ஸ்ட் என்ற தொழிலதிபர் கிளப்பின் சொத்துகளை வாங்கினார். 2021-இல் மேக்கிள்ஸ்ஃபீல்ட் எஃப்.சி. என்ற பெயரில் ஒன்பதாம் நிலையில் ஆடத் தொடங்கி, முதல் பருவத்திலேயே முதலிடம் பிடித்தார்கள். ஆனால் 2010-இல் இதேபோல் கலைக்கப்பட்ட செஸ்டரில் ரசிகர்களே புதுக் கிளப்பைத் தொடங்கிச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். இங்கே ஒரு முதலாளி போய் இன்னொருவர் வந்தார். நல்லவராக வாய்த்தது அதிர்ஷ்டம். 2025 ஜூலையில் பிரிட்டன் கால்பந்து நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றி, முதலாளிகளின் தகுதியையும் பணத்தையும் சோதிக்க ஓர் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு வழி செய்தது. அதன் அதிகாரம் மேல் ஐந்து நிலைகளோடு நின்றுவிடுகிறது. 2025–26 பருவத்தில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் ஆடுவது ஆறாம் நிலையில்.