துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுதல்

துருவால் இறுகிப்போன போல்ட்டு, நட்டு, ஸ்டட், திருகாணி ஆகியவற்றை முறியாமலும், அவை பூட்டப்பட்டிருக்கும் பாகத்தின் மரை கெடாமலும் பிரித்தெடுப்பது பட்டறைத் தொழிலின் அடிப்படைத் திறன்களுள் ஒன்று. கார், பைக் பழுதுபார்ப்பில் மட்டுமல்லாமல் வீட்டுக் கேட்டின் கீல், ஜன்னல் கிரில், தண்ணீர் மோட்டாரின் அடிப்போல்ட்டு, ஜிஐ குழாய் இணைப்பு என எங்கும் இந்த வேலை வந்து நிற்கும். சைலன்சர் மாற்றுவது சிறிய வேலைதான். அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் இன்ஜினுக்குள்ளேயே முறிந்துவிட்டால் அதுவே ஒருநாள் வேலையாகி, லேத் பட்டறை வரை போக வைத்துவிடும்.

இறுகுவது ஏன்?

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் சேர வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அந்தப் படலத்தில் உப்பு கரைந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அரிப்பும் வேகமெடுக்கும். குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு வாகனங்களின் அடிப்பாகத்தைத் தின்றுவிடுகிறது. தமிழகக் கரையோரத்தில் அந்த வேலையைக் கடல்காற்றே செய்கிறது. உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடியிலும் கடல் நடுவே இருக்கும் ராமேசுவரத்திலும் இரும்பைக் காப்பது அன்றாடப் போராட்டம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் அந்தப் போராட்டத்திலேயே நூறாண்டைக் கடந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருவை எதிர்க்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு பூசப்பட்டிருக்கிறது. கடற்கரைச் சூழலில் உலோகம் அரிக்கப்படும் விதத்தைக் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் அமைத்து ஆராய்ந்துவருகிறது.

போல்ட்டின் தலையில் தெரியும் செந்துரு பார்க்கத்தான் அசிங்கம். வேலையைக் கெடுப்பது மரைக்குள் இருக்கும் துரு. போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளிதான் உண்டு. துருவாக மாறும் இரும்போ, தன் பழைய பருமனைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடமில்லாத அந்தச் சந்தில் துரு ஆப்பாக இறங்கி இரண்டையும் நெருக்கிப் பிடித்துவிடுகிறது.

எஃகுப் போல்ட்டு அலுமினியத்தில் பூட்டப்பட்டிருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்போது சிறு மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக மரையை அடைத்துவிடும். பைக், ஸ்கூட்டர்களின் இன்ஜின் மூடித் திருகுகளும் சைலன்சர் ஸ்டட்டுகளும் அடிக்கடி மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உராய்வின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள போல்ட்டை முறுக்கும்போதே கொடுக்கும் விசையில் பாதி அளவு தலைக்கடியில் உராய்வாகப் போகிறது. 40 சதவீதம் மரையில் போகிறது. போல்ட்டை இழுத்து இறுக்கிப்பிடிக்கப் பயன்படுவது மீதமுள்ள 10 சதவீதம்தான். துரு ஏறினால் உராய்வு இன்னும் கூடும். ஸ்பேனரில் எவ்வளவு பலம் போட்டாலும் அதில் பெரும்பங்கு போல்ட்டின் உடம்பை முறுக்குவதில் செலவாகி, கடைசியில் கழுத்து முறிகிறது. எனவே துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றும் முறைகள் அனைத்துக்கும் ஒரே குறிக்கோள்: பலத்தைக் கூட்டுமுன் உராய்வைக் குறைப்பது.

கை வைக்குமுன்

முதலில் மரையின் திசை. பெரும்பாலான மரைகள் இடப்பக்கம் திருப்பினால் கழலும். இதற்கு எதிரானவையும் வீட்டிலேயே இருக்கின்றன: டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடிக்கும் மூடி, சைக்கிளின் இடப்பக்கப் பெடல், சில யமஹா பைக்குகளின் வலப்பக்கக் கண்ணாடி. இவற்றை வழக்கம்போல் திருப்பினால் மேலும் இறுகும்.

அடுத்தது சுத்தம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, சேற்றையும் பெயின்ட்டையும் எடுத்துவிட வேண்டும். நட்டு கழன்று வரவேண்டிய பாதை அதுதான்.

மூன்றாவது, அளவு தப்பாத ஸ்பேனர். 8 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை பொதுவாக 13 மில்லிமீட்டர் இருக்கும். ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் 12 ஆக இருக்கும். 12-இல் 13 போட்டால் மூலைகள் மழுங்கிவிடும். ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கிறது. துருப்பிடித்த தலைக்கு ஆறு பக்கத்தையும் முழுதாகக் கவ்வும் ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனரே சரி. பன்னிரண்டு முனை உள்ளது மூலைகளில் மட்டும் அழுத்துவதால் எளிதில் வழுக்கும். குறுக்குவெட்டுத் திருகாணிகளிலும் இதே கவனம் வேண்டும். ஜப்பானிய அளவில் செய்த திருகுத் தலையில் பெரும்பாலும் சிறு புள்ளி ஒன்று இருக்கும். அதில் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் ஆழமாக உட்காராமல் வழுக்கி, வெட்டைத் தின்றுவிடும்.

எண்ணெயும் பொறுமையும்

மரைக்குள் எண்ணெய் ஏற, அது நீர்த்ததாக இருக்க வேண்டும். நுண்துளைக் கவர்ச்சியால் அது துருவின் சந்துகளுக்குள் தானே ஊர்ந்து போகும். பழைய பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் இதற்குப் பயன்பட்டன. இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டபிள்யூடி-40, 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி நாற்பதாவது முயற்சியில் உருவாக்கிய கலவை. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் ஈரத்தை விலக்குவதே அதன் முதல் வேலை. லேசான துருவுக்கு அது போதும். பல ஆண்டுத் துருவுக்கு, ஊடுருவுவதற்கென்றே செய்யப்படும் எண்ணெய்கள் மேல்.

எதைத் தெளித்தாலும் ஐந்து நிமிடத்தில் பலன் எதிர்பார்ப்பது வீண். மாலையில் தெளித்து, இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை என்று விட்டுவிட்டு நனைப்பதே பலன் தரும். மரை மேல்நோக்கி இருந்தால் எண்ணெய் தானே இறங்கும். கீழ்நோக்கி இருந்தால் எண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிவைக்கலாம்.

தட்டு, முறுக்கு, திரும்பு

எண்ணெய் ஊறியபின் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக, அளவாகப் பல முறை தட்ட வேண்டும். அதிர்வில் துருவின் பிடி உடைந்து எண்ணெய்க்கு வழி திறக்கும். நட்டாக இருந்தால் ஒரு பக்கம் கனமான இரும்பைத் தாங்கலாக வைத்து மறுபக்கம் தட்டலாம். போல்ட்டின் நுனியில் நேரடியாக அடித்தால் மரை காளான்போல் விரிந்து நட்டு வராமல் போகும்.

பிறகு ஸ்பேனரைப் போட்டு, கழற்றும் திசைக்கு முன் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைக்க வேண்டும். துரு விரிசல் விட இதுவே போதும். 'கிரீச்' என்ற சத்தத்தோடு போல்ட்டு அசைந்தால் பாதி வெற்றி. ஆனால் தொடர்ந்து சுற்றிக்கொண்டே போகக்கூடாது. கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, மீண்டும் எண்ணெய் விட்டு, மீண்டும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் மரையிலிருந்து செம்பொடி கசிந்து வெளியே வரும். சத்தமில்லாமல், ரப்பரை முறுக்குவதுபோல் போல்ட்டு வளைந்து கொடுத்தால் அது கழலவில்லை, முறியப்போகிறது என்று பொருள். அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

பஞ்சர் கடைகளில் லாரிச் சக்கரத்தைக் கழற்றும் ஏர் கன்னும் இந்தத் தட்டும் தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஒரே சீராக முறுக்காமல் நொடிக்குப் பலமுறை அடித்து முறுக்குகிறது. கையால் செய்ய, சுத்தியலால் அடித்தால் முனை சற்றே திரும்பும் இம்பேக்ட் டிரைவர் உண்டு. பைக் இன்ஜின் மூடித் திருகுகளுக்கு அது அருமையான கருவி.

சூடு

எண்ணெய் தோற்ற இடத்தில் சூடு வெல்லும். எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 10 மில்லிமீட்டர் நட்டை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அதன் துளை 0.024 மில்லிமீட்டர் அகலும். அற்பமாகத் தெரியும் இந்த அளவு, மரை இடைவெளியோடு ஒப்பிட்டால் பெரிது. அதனால் தீயை நட்டின்மேல் காட்ட வேண்டும். போல்ட்டின்மேல் காட்டினால் போல்ட்டு பருத்து மேலும் இறுகும். சூடு சற்றுத் தணிந்ததும் மெழுகுவத்தியை மரையில் தொட்டால், உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்பட்டு வழுக்கல் தரும்.

அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், அலுமினிய இன்ஜினில் மாட்டிய எஃகு ஸ்டட்டுக்குச் சூடு நல்ல மருந்து. ஆனால் அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். எஃகைப்போல் சிவந்து எச்சரிக்கை கொடுக்காது. அங்கே மிதமான சூடே பாதுகாப்பு.

தலை மழுங்கினால், தண்டு முறிந்தால்

மழுங்கிய தலையை வைஸ் கிரிப்பால் கவ்வலாம். அல்லது அரத்தால் தேய்த்து அடுத்த சிறிய அளவு ஸ்பேனர் உட்காரும்படி இரண்டு பக்கத்தைத் தட்டையாக்கலாம். நட்டாக இருந்தால் கட்டிங் வீலால் ஒரு பக்கம் அறுத்து உளியால் பிளக்கலாம். நட்டு போனாலும் மரை தப்பிக்கும்.

தண்டு உள்ளேயே முறிந்தால் நல்ல வெல்டர் செய்யும் வேலை ஒன்று உண்டு. மிச்சத்தின்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்வார். புதுத் தலையும் கிடைக்கும், மரைக்குச் சூடும் கிடைக்கும். வாகனத்தில் வெல்டிங் வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

கடைசி வழி துளையிடுதல். சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடித்து, சிறிய பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்க வேண்டும். இடப்பக்கம் சுழன்று துளையிடும் ரிவர்ஸ் பிட் இருந்தால், துளையிடும்போதே முறிந்த துண்டு கழன்று வருவதும் உண்டு. ஈஸி அவுட் எனப்படும் திருகு எடுப்பான் கடினமான எஃகால் ஆனது. உள்ளே முறிந்தால் சாதாரண பிட்டால் அதைத் துளையிட முடியாது. மரை போய்விட்டால், அடுத்த பெரிய அளவுக்கு டேப் போட்டு மரை வெட்டலாம்; அல்லது கம்பிச்சுருள் மரை செருகிப் பழைய அளவையே மீட்கலாம். 8 மில்லிமீட்டர் மரைக்கு 6.8 மில்லிமீட்டர் துளையும், 10-க்கு 8.5 துளையும் அளவு.

பாதுகாப்பு

பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், ஷாக் அப்சார்பர், எரிவாயு இணைப்பு ஆகியவற்றின் அருகே தீ கூடாது. எண்ணெய் தெளித்த இடத்தைத் துடைத்துவிட்டே சூடாக்க வேண்டும். துத்தநாகம் பூசிய போல்ட்டை மிகையாகச் சூடாக்கினால் எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உருவாகலாம். கண்ணாடியும் கையுறையும் எப்போதும் வேண்டும். வண்டிக்கடியில் படுத்து வேலை செய்யும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைக்க வேண்டும். இறுகிய போல்ட்டை இழுக்கும் இழுப்பில் ஜாக் சாயும்.

திரும்பப் பூட்டுதல்

தீயில் சூடான போல்ட்டு பலம் இழந்திருக்கும்; மரை தேய்ந்தது பிடிக்காது; நைலான் வளையம் கொண்ட நட்டு ஒருமுறை கழற்றினாலே தளர்ந்துபோகும். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இடங்களில் இந்த மூன்றையும் மீண்டும் போடக்கூடாது. தலையில் 8.8 என்று குறித்த போல்ட்டுக்குப் பதில் அதே குறியுள்ளதையே வாங்க வேண்டும். சைலன்சர் போன்ற சூடேறும் இடங்களில் தாமிரம் அல்லது நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையும், கேட் கீல், மோட்டார் போல்ட்டுகளில் சாதாரண கிரீஸும் மரையில் தடவலாம். பசை தடவிய மரையை அதே விசையில் முறுக்கினால் போல்ட்டு அளவுக்கு மீறி இழுபடும் என்பதால் கையேட்டில் சொன்ன விசையைக் குறைக்க வேண்டும். கார்ச் சக்கர நட்டுகளைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பசையின்றி உலர்வாகவே பூட்டச் சொல்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.