தறிக்குத் திரும்புமா கை? பக்கவாத மீட்சியைக் கணித்த அறுபது ஆண்டுகள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிப் பட்டு நெய்யும் சேத்துப்பட்டு வட்டாரத்தில் ஒரு நெசவாளருக்குப் பக்கவாதம் வந்தால், உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் வீட்டார் கேட்கும் அடுத்த கேள்வி கையைப் பற்றியதுதான். ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓட்ட, மறு கை பலகையை அடிக்க வேண்டும். பாவில் இழை அறுந்தால் விரல்நுனியால் பிடித்து முடிய வேண்டும். இந்தக் கேள்விக்கு மருத்துவ அளவுகோல்கள் வெகுகாலம் பதில் வைத்திருக்கவில்லை.

1957இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜான் ராங்கின் பக்கவாத நோயாளிகளின் நிலையை ஐந்து படிகளாகப் பிரித்தார். பின்னர் திருத்தப்பட்ட வடிவத்தில் 0 என்றால் குறை ஏதுமில்லை. 6 என்றால் மரணம். பழைய வேலைகள் எல்லாவற்றையும் செய்ய முடியாது, ஆனால் சொந்தக் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்வார் என்பது 2ஆம் படி. பல ஆய்வுகளில் 2 வரை ‘நல்ல விளைவு’தான். நடந்து, குளித்து, சாப்பிட முடிந்து, தறியில் மட்டும் உட்கார முடியாதவர் அந்தக் கணக்கில் தேறியவர்! அன்றாடச் செயல்களை அளக்க 1965இல் வந்த பார்தல் அட்டவணையும் படியேறுவதைக் கேட்கும், பிழைப்பைக் கேட்காது.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு, மறுவாழ்வுப் பயிற்சியை வீட்டார் கையில் கொடுத்துப் பார்த்தது. 2017இல் லான்செட்டில் வெளியான முடிவு ஏமாற்றம்: ஆறாம் மாதத்தில் பயிற்சி பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் 47 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தார்கள். யாருக்கு எந்தப் பயிற்சி பலிக்கும் என்பதைச் சராசரி சொல்லாது.

அதே 2017இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு வெளியிட்ட ‘பிரெப்2’, கையை மட்டுமே இலக்காக வைத்தது. 207 நோயாளிகளின் தரவிலிருந்து கேள்விக்குக் கேள்வி கிளை பிரியும் ஒரு முடிவு மரத்தைக் கணினி வளர்த்தது. மூன்றாம் நாள் தோளைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, விரல்களை விரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மதிப்பெண். கூட்டுத்தொகை 5 அல்லது அதற்கு மேல், வயது 80க்குக் கீழ் என்றால் மூன்று மாதத்தில் கை மிக நன்றாகத் திரும்பும் என்பது கணிப்பு. நான்கில் மூன்று பேருக்கு மரத்தின் கணிப்பு சரியாக இருந்தது. விளைவை அளந்த சோதனையில் ஆறு மில்லிமீட்டர் குண்டை இரு விரலால் எடுப்பதும் உண்டு. ராங்கின் படிகளைவிட நெசவாளரின் விரலுக்கு இது எவ்வளவோ நெருக்கம்.

மரத்தின் கிளைகளைப் பார்க்க முடிந்ததில் இன்னொரு லாபம். 2012இல் வந்த முதல் வடிவம் எம்.ஆர்.ஐ. கேட்டது. புதிய மரத்தில் அந்த இடத்தை, படுக்கையருகே போடும் பக்கவாதத் தீவிர மதிப்பெண்ணே பிடித்துக்கொண்டது.

அதே 2017இல் அறிமுகமான ‘ஷாப்’ முறை வேறு வழி: உள்ளே பார்க்க முடியாத கணினி மாதிரியின் கணிப்பில் வயதுக்கு எவ்வளவு பங்கு, விரல் அசைவுக்கு எவ்வளவு பங்கு என்று பின்னால் பிரித்துக் காட்டும். அந்தப் பங்கு நோயின் காரணம் ஆகிவிடாது. இப்படிப் பின்விளக்கம் தேடுவதைவிட, உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் தொடக்கத்திலேயே புரியும் மாதிரியை வையுங்கள் என்று 2019இல் கணினி அறிவியலாளர் சிந்தியா ரூடின் வாதிட்டார். பிரெப்2 அவர் கட்சிக்குத்தான் சாட்சி.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வார்டில் மூன்றாம் நாள் போட்ட மதிப்பெண் நோயாளியோடு கூடவே வந்தால், எந்தக் கைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை அங்கே தீர்மானிக்கலாம். ஆனால் மதிப்பெண் 5க்குக் கீழே போனவர்களுக்கு அந்த மரம் மூளையைக் காந்தத்தால் தூண்டிப் பார்க்கும் கருவியைக் கேட்கிறது. நியூசிலாந்துக் கணக்கு திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் பொருந்துமா என்பதை இங்குள்ள நோயாளிகளிடமே சோதிக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாமல் மரம் எவ்வளவு தாங்கும் என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும்.