மிச்சம் யாருக்கு? ஓசூரின் பழைய மரமும் நம் கைகளும்

1970களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ். ஆலைகள் வந்தன. ஊர் பெருத்தது. ஓட்டு வீடுகள் இடிந்து கான்கிரீட் வீடுகள் எழுந்தன. இடித்த வீட்டின் நிலை, கதவு, உத்திரம், கைமரம் எதுவும் குப்பைக்குப் போகவில்லை. நல்லது பழைய மரக்கடைக்குப் போனது. உளுத்தது அடுப்புக்குப் போனது.

இதை இன்று 'மறுசுழற்சி' என்று புகழ்கிறார்கள். நமக்கோ மிச்சத்தின் வரலாறு வேறு. சண்டாளருக்கு உடைந்த பாத்திரமும் பிணத்தின் துணியும்தான் என்று விதித்தது மனுஸ்மிருதி. 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அம்பேத்கர் தலைமையில் அதைக் கொளுத்தினார்கள். மிச்சத்தைப் பயன்படுத்துவது இழிவல்ல. பிறப்பைப் பார்த்து, மிச்சம் மட்டுமே உனக்கு என்பதுதான் இழிவு.

இன்று பழைய தேக்குக்கு நல்ல விலை. ஆனால் சுவரை இடித்து, தூசியைத் தின்று, ஆணி பிடுங்குகிற காலனித் தொழிலாளிக்கு அன்றைய கூலி மட்டும்தான்.

கட்டட இடிபாட்டில் மரத்தைத் தனியே பிரிக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டு விதிகள். பிரிக்கும் கைகளுக்கு என்ன பாதுகாப்பு? அதற்கான பிடி வேறொரு சட்டத்தில் இருந்தது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், இடிப்பதையும் கட்டுமான வேலை என்றே சொன்னது. தமிழ்நாட்டில் நல வாரியம் 1994லேயே அமைந்துவிட்டது.

தோழர்களே, ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வீடு இடிக்கும் இடத்தைப் பார்த்தால் நின்று கேளுங்கள்: "அண்ணே, வாரிய அட்டை இருக்கா?" இல்லையென்றால், பதிவு செய்ய நாம் கூடப் போவோம்.