சாப்பாட்டுக் கடையும் பரிசோதகரும்: கண்டியின் ஒரு பழைய கணக்கு

"பீ.எச்.ஐ. வருகிறார்" என்று எவரேனும் சொன்னால் போதும், கண்டி நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கண்ணாடி அலுமாரிகளின் கதவுகள் உடனே மூடப்படும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்னும் அந்தப் பதவிக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அதன் தொடக்கம் சமையற்கட்டில் இல்லை. நம் முன்னோர் நடந்துவந்த பாதையில் இருக்கிறது.

கோப்பிக் காலத்தில் தமிழகத் தொழிலாளர் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்தனர். பசியோடும் அழுக்கு நீரோடும் வந்த வாந்திபேதி பலரை வழியிலேயே பலிகொண்டது. 1884இல் கல்கத்தாவின் குளமொன்றின் நீரில் ரொபேர்ட் கொக் அந்நோய்க் கிருமியைக் கண்டார். ஆயினும் ஆட்சியினரின் அச்சம் நீரைவிடக் கூலியையே சுற்றி வந்தது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் அக்காலத்துப் பிள்ளையே.

கடையின் அடுக்களையை நோக்கிச் சட்டம் மெல்லவே திரும்பியது. 1865ஆம் ஆண்டின் சட்டப்படி கண்டிக்கு மாநகர சபை கிடைத்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, கேடு விளைக்கும் உணவை விற்பதைக் குற்றமாக்கியது. 1926இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு எழுந்தது. வைத்திய அதிகாரியும் பரிசோதகரும் ஊர் ஊராகச் செல்லும் முறைக்கு அதுவே முன்மாதிரி. 1949இல் உணவு, மருந்துச் சட்டம் வந்தது. உணவுக்கெனத் தனிச் சட்டம் 1980இல் பிறந்தது (26ஆம் இலக்கம்).

இன்று பரிசோதகர் பார்ப்பவை எளியவை: நீர், ஈ, கழிவு, பச்சை இறைச்சியும் சமைத்ததும் ஒன்றாகக் கிடக்கின்றனவா என்பது, சமையற்காரரின் மருத்துவச் சான்று. நோய்க்குறி எதுவுமின்றியே நியூயோர்க்கில் பலருக்கு நெருப்புக் காய்ச்சலைப் பரப்பிய சமையற்காரி மேரி மலனின் கதை, அந்தச் சான்று எதற்கு என்பதை விளக்கும். எசல பெரஹரா நாட்களில் இந்த வேலை பன்மடங்காகும். 2025 ஏப்ரலில் தலதா மாளிகையில் பத்து நாள் புனித தந்த தரிசனம் நடந்தபோதும், பெருங்கூட்டத்தின் பசி நகரத்தைச் சோதித்தது.

ஒன்றை மறக்கலாகாது. இக்கடைகளில் பாத்திரம் கழுவுவோரில் தோட்டப்புறத்து இளைஞர் பலர். அன்று நடந்துவந்தோரின் வழித்தோன்றல்கள். கை கழுவவில்லை என்று அவர்களைக் கடிவது எளிது. குழாயும் சவர்க்காரமும் கழிப்பறையும் தந்தாரா என்று முதலாளியைக் கேட்பதே முறை. அந்தக் கேள்வி முதலில் எழும் இடத்தில்தான் பரிசோதனை நோயைத் தடுக்கும். எழாத இடத்தில், பழைய பழி புதிய தலைமுறையின் தலையில் ஏறும்.