பெயரற்ற படச்சுருள்கள்: ஒரு வீட்டுத் திரைப்படத் தொகுப்பைப் பட்டியலிட்ட கதை



கடந்த பள்ளி விடுமுறையில் என் தாய்மாமன் வீட்டு அலமாரியின் மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் இறக்கப்பட்டது. உள்ளே பதினான்கு சிறிய படச்சுருள்கள் இருந்தன. மாமா ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாகப் பணியாற்றியவர். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கிய சூப்பர் 8 படக்கருவியில் அவர் எடுத்த படங்கள் இவை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பதினான்கில் மூன்று சுருள்களின் உறையில் மட்டுமே எழுத்து இருந்தது. ‘திருவிழா’, ‘திருமணம்’, ‘கிள்ளான்’ என்னும் மூன்றே சொற்கள். எந்தத் திருவிழா? யாருடைய திருமணம்? எந்த ஆண்டு? விடை சொல்ல மாமா இல்லை.

அச்சுருள்களுக்கு ஒரு விளக்கப் பட்டியல் தயாரிக்க முனைந்தபோது நான் கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வீட்டுத் திரைப்படம் பிறந்த வரலாறு

1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுத் திரையிட்ட படங்களுள் ஒன்று, ஒரு குழந்தைக்குப் பெற்றோர் உணவூட்டும் காட்சி. அந்தத் தந்தை, சகோதரர்களுள் ஒருவரான ஒகுஸ்த் லூமியேர்தான். ஆக, திரைப்படம் மக்கள்முன் வந்த அன்றே வீட்டுத் திரைப்படமும் வந்துவிட்டது எனலாம்.

ஆயினும் அது சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டப் பல ஆண்டுகள் ஆயின. அக்காலத்து 35 மில்லிமீட்டர் சுருள் விலை மிகுந்தது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. 1922இல் பாத்தே நிறுவனம் 9.5 மில்லிமீட்டர் சுருளையும், 1923இல் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் சுருளையும் அறிமுகப்படுத்தின. இவை அசிட்டேட்டால் ஆனவை. நைட்ரேட்டைப் போல் தீப்பற்றாதவை. 1932இல் இன்னும் மலிவான 8 மில்லிமீட்டரும், 1965இல் பெட்டியோடு செருகக்கூடிய சூப்பர் 8உம் வந்தன. ஒரு சூப்பர் 8 பெட்டியில் இருப்பது 50 அடிச் சுருள். ஓடும் நேரம் 3 நிமிடம் 20 விநாடி மட்டுமே. இன்று கைப்பேசியில் மணிக்கணக்காக எடுக்கிறோம். அன்றோ ஒவ்வொரு விநாடிக்கும் காசு செலவாயிற்று. எனவே மாமா எதை எடுத்தாரோ, அதை எடுக்கத்தக்கது என்று எண்ணியே எடுத்திருக்கிறார்.

ஒரு முகாமின் கதை

‘குடும்பப் படத்தில் என்ன வரலாறு இருக்கப் போகிறது?’ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கூற வேண்டும்.

1942 பிப்ரவரி 19ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். யூட்டா மாநிலத்து டோப்பாஸ் முகாமில் இருந்தவர்களுள் டேவ் தத்சுனோ என்பவரும் ஒருவர். முகாமில் படக்கருவிக்குத் தடை இருந்தது. ஆயினும், முகாம் அதிகாரி ஒருவரின் உதவியால் அவருடைய 8 மில்லிமீட்டர் படக்கருவி உள்ளே வந்தது. 1943 முதல் 1945 வரை அவர் மறைவாகப் படமெடுத்தார். பனியில் விளையாடும் பிள்ளைகள், உறவினர், நண்பர்கள், அன்றாட வாழ்க்கை. இவ்வளவுதான் அப்படத்தில் உண்டு. அப்படம் 1996இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. எடுத்தவர் யார், எடுத்த இடம் எது, எடுத்த காலம் எது என்னும் மூன்று கேள்விகளுக்கும் அதற்கு விடை இருந்தது. அவ்விடை இல்லாவிடின் அது பனியில் விளையாடும் யாரோ சில பிள்ளைகளின் படமாகவே நின்றிருக்கும்.

பட்டியலிடும் முறை

நான் பின்பற்றிய முறை எளியது.

முதலாவதாக, சுருள்களைப் படவீழ்த்தியில் ஓட்டிப் பார்க்கவில்லை. பழைய சுருள் சுருங்கியிருக்கும், ஓட்டினால் அறுந்துபோகும். டின்னைத் திறந்ததும் முகர்ந்து பார்த்தேன். அசிட்டேட் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை வீசும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் இந்தச் சிதைவு விரைந்து நிகழும். இரண்டு சுருள்களில் அவ்வாடை இருந்ததால் அவற்றைத் தனியே பிரித்து வைத்தேன்.

இரண்டாவதாக, ஒவ்வொரு சுருளுக்கும் 01 முதல் 14 வரை எண் கொடுத்தேன். உறையில் மாமா எழுதியதை உள்ளபடியே படியெடுத்தேன். நமக்குப் பிழை என்று தோன்றினாலும் திருத்தக்கூடாது; அதுவும் ஒரு சான்று.

மூன்றாவதாக, கடையில் கொடுத்து இலக்கமுறைக்கு மாற்றிய பின், ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் காலத்தைக் காட்டும் அடையாளங்களைக் குறித்தேன். பிள்ளைகளின் கையிலுள்ள கொடியில் 11 கோடுகள் இருந்தால் அது மலாயாக் கொடி. 14 கோடுகள் இருந்தால் 1963 செப்டம்பர் 16ஆம் நாளுக்குப் பிந்திய மலேசியக் கொடி. சாலையில் புரோட்டோன் சாகா ஓடினால் அக்காட்சி 1985 ஜூலைக்கு முந்தியதாக இருக்க முடியாது. கோடாக் சுருளின் ஓரத்திலும் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். அவை சுருள் தயாரான ஆண்டைக் குறிப்பவை. 20 ஆண்டுகளுக்குப் பிறகு அதே குறி திரும்ப வந்ததுண்டு.

நான்காவதாக, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் அத்தையின் அருகில் அமர்ந்தேன். அவருக்கு வயது 81.

ஒன்பதாம் சுருள்

‘கிள்ளான்’ என்று எழுதப்பட்டிருந்தது ஒன்பதாம் சுருள். ஒரு துறைமுகம், பெரிய கப்பல், கரையில் தகரப் பெட்டிகளோடு நிற்கும் ஒரு கூட்டம். வெள்ளைச் சேலை உடுத்திய மூதாட்டி ஒருவர் ஒரு சிறுவனின் முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். படத்தில் ஒலியில்லை.

கப்பலைக் கண்டதும் அத்தை, “இது இராஜுலா!” என்றார். சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே நம் மக்களை ஏற்றி இறக்கிய கப்பல் அது. ஆனால் ஆண்டைக் கேட்டபோது 1974 என்றார். இராஜுலா இக்கடல்வழிச் சேவையிலிருந்து 1973இலேயே விலகிவிட்டது. சுருளின் ஓரக்குறியைப் பார்த்தேன். அது 1949, 1969 ஆகிய இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். 1949இல் சூப்பர் 8 இல்லை.  எனவே 1969.

அதைச் சொன்னதும் அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படின்னா அது பெர்மிட் நேரம்மா” என்றார்.

1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதோர் வேலை செய்யப் பெர்மிட் பெற வேண்டியதாயிற்று. தோட்டப்புறங்களில் உரிய பத்திரமின்றியும், விண்ணப்பிக்க வழியறியாமலும் இருந்த நம் மக்கள் பலர். 1969ஐ ஒட்டிய காலத்தில் பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறினர். நம் நூல்களில் இச்செய்தி ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். இங்கோ அது 3 நிமிடம் 20 விநாடி என் கண்முன் நின்றது. அந்த மூதாட்டி பக்கத்து லயத்துப் பாட்டி. சிறுவன் அவருடைய பேரன். பாட்டி கப்பலேறினார், பேரன் இங்கேயே தங்கினான்.

என் பதிவு இவ்வாறு அமைந்தது:

எண்: 09
வடிவம்: சூப்பர் 8, வண்ணம், ஒலியில்லை, 50 அடி
உறையில் உள்ளது: ‘கிள்ளான்’
இடம்: போர்ட் சுவெட்டன்ஹாம் (1972 முதல் கிள்ளான் துறைமுகம்)
காலம்: 1969க்கும் 1973க்கும் இடையில், 1969 அல்லது 1970 என்பது ஊகம்
முகங்கள்: 11, அடையாளம் கண்டவை 7, காணாதவை 4
தகவல் தந்தவர்: அத்தை, வயது 81

உறுதியையும் ஊகத்தையும் கலக்காமல் எழுதுவதே இதில் முக்கியம். நினைவு ஆண்டில் தவறியது. படச்சுருள் அதைத் திருத்தியது. படச்சுருளுக்குப் பெயர்கள் தெரியவில்லை. நினைவு அவற்றைச் சொன்னது. இரண்டும் சேர்ந்தபோதுதான் வரலாறு கிடைத்தது.

எஞ்சிய நான்கு முகங்களை என் தாயார் அறிந்திருப்பார். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் உயிரோடு இருந்த காலமெல்லாம் அந்த டின் அதே அலமாரியின் மேல்தான் இருந்தது. எத்தனையோ முறை அவ்வீட்டுக்குச் சென்றிருக்கிறேன். ஒருமுறைகூட அதை இறக்கிப் பார்க்கவில்லை.

நாம் செய்யத்தக்கது

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடம் மாணவரின் குடும்பத்தையும் பள்ளியையும் வாழுமிடத்தையும் கற்பிக்கிறது. ஆசிரியர்களே, ஒரு பழைய படத்தையோ ஒளிநாடாவையோ தாத்தா பாட்டியுடன் அமர்ந்து பார்த்து, மேற்கண்டது போல் ஒரு பதிவு எழுதிவரச் சொல்லுங்கள். பெற்றோர்களே, திருமண ஒளிநாடாக்களையும் மறவாதீர்கள். உலகில் கடைசியாக விஎச்எஸ் கருவி தயாரித்துவந்த நிறுவனமும் 2016இல் அதை நிறுத்திவிட்டது. இலக்கமுறைக்கு மாற்றிய பிறகும் மூலச் சுருளை வீசிவிடாதீர்கள்.

நம் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இல்லை, அங்கு வாழ்ந்த முகங்கள் சில டின்களுக்குள் இன்னும் இருக்கின்றன. படச்சுருளை இன்னும் சில ஆண்டுகள் பாதுகாக்கலாம். அம்முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரை காத்திருப்பார்களா? வரும் விடுமுறையிலேயே அவர்கள் அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள்.